வடநாட்டுக் குளிரும் நம் தோலும்

வடக்கிலிருந்து வீசும் காற்றுக்கு வாடை என்று பெயரிட்டனர் நம் முன்னோர். தென்றலின் இனிமையைப் பாராட்டிய அவர்கள், வாடையின் கடுமையையும் நன்கு அறிந்திருந்தனர். ஆயினும் தமிழகத்தை வந்தடையும் காற்று நெடுந்தூரம் கடந்து, கடலின் ஈரத்தையும் ஓரளவு ஏற்று, கடுமை தணிந்த பின்னரே நம் வாயிலைத் தட்டுகிறது. டில்லி, லக்னோ, சண்டிகர், ஜெய்ப்பூர் முதலிய நகரங்களில் அலுவல் காரணமாகக் குடியேறிய நம்மவரோ அந்த வாடையின் பிறந்த வீட்டிலேயே குடியிருக்கின்றனர். அதன் தாக்குதலை முதன்முதல் உணர்வது நமது தோல்தான்.

கார்த்திகை கழிந்து மார்கழி பிறக்கும்போது இது பல வீடுகளிலும் தென்படத் தொடங்குகிறது. முகம் கழுவித் துடைத்தவுடன் கன்னம் இழுத்துக் கட்டினாற்போல் இருக்கிறது. முழங்காலுக்குக் கீழே சாம்பல் பூத்தாற்போல் வெளிறுகிறது. நகம் பட்டால் வெண்மையான கோடு விழுகிறது. உதடு வெடிக்கிறது, குதிகால் பிளக்கிறது. இரவில் போர்வைக்குள் உடல் சற்றே சூடேறியதும் அரிப்பு எழுகிறது. பெரும்பாலோருக்குத் தொல்லை இந்த அளவோடு நின்றுவிடும். எளிதில் பாதிப்புறும் மென்மையான சருமம் உடையோருக்கு அவ்வாறு நிற்பதில்லை. பிறருக்கு ஒன்றும் செய்யாத சோப்பு அவர்களுக்கு எரிகிறது, கம்பளி உறுத்துகிறது, காற்றுப் பட்டாலே முகம் கன்றிப்போகிறது. சொறியச் சொறியத் தோல் தடித்து, கசிந்து, கரப்பானாக மாறுவதும் உண்டு.

இவ்வாறு நேரும்போது நம் வீடுகளில் கூறப்படும் காரணங்கள் மூன்று. 'இந்த ஊர்த் தண்ணீர் ஒத்துக்கொள்ளவில்லை' என்பது ஒன்று. 'இரத்தம் கெட்டுவிட்டது' என்பது மற்றொன்று. 'கரப்பான் பண்டத்தைத் தின்றதனால் வந்தது' என்பது மூன்றாவது. காரணம் மூன்றானால் பரிகாரமும் மூன்று. அழுக்கென்று எண்ணி வெந்நீரும் சோப்பும் கொண்டு மேலும் தேய்ப்பது. குழந்தைக்குக் கத்தரிக்காயோடு பாலையும் முட்டையையும் நிறுத்திவிடுவது. தெருமுனை மருந்துக் கடையில் ஏதேனும் ஒரு களிம்பை வாங்கித் தடவுவது. இம்மூன்றும் நோயைத் தணிப்பதில்லை. பெரும்பாலும் வளர்க்கவே செய்கின்றன.

இத்தொல்லைக்கு முதற்காரணம் வறட்சியே. அந்த வறட்சியிலும் ஒரு பெரும் பகுதி, ஊரில் நமக்கு நன்மை செய்த பழக்கங்களை இடம் நோக்கி மாற்றாமல் இங்கும் அப்படியே கடைப்பிடிப்பதனால் வருவது. ஆகையால் இதனைத் தடுக்கும் வழியும் பெரும்பாலும் நம் கையிலேயே இருக்கிறது. அது எவ்வாறு என்பதைச் சிறிது விளக்கமாகக் காண்போம்.

'தைப் பனி தரையைத் துளைக்கும், மாசிப் பனி மச்சைத் துளைக்கும்' என்பது நம் பழமொழி. அந்தப் பனி ஈரமான பனி. சென்னையில் தை மாதத்து இரவிலும் வெப்பம் சராசரியாகச் சுமார் 21 டிகிரி சென்டிகிரேடு இருக்கும். டில்லியில் அதே காலத்தில் சுமார் 7 அல்லது 8 டிகிரிக்கு இறங்கிவிடும். காற்று குளிரக் குளிர, அது தாங்கக்கூடிய நீராவியின் அளவும் குறைகிறது. 30 டிகிரி வெப்பமுள்ள காற்று ஒரு கன மீட்டருக்குச் சுமார் 30 கிராம் நீராவியைத் தாங்கும். 5 டிகிரியில் அது தாங்குவது 7 கிராமுக்கும் குறைவு.

'டில்லியில் காலையில் மூடுபனி கண்ணை மறைக்கிறதே. வறட்சி என்பது எவ்வாறு?' என்று கேட்கலாம். மூடுபனியின்போது காற்றில் ஈரம் நிறைந்திருப்பதாகத் தோன்றினும், அந்தக் குளிர்ந்த காற்றின் கொள்ளளவே மிகச் சிறிது என்பதை நினைவிற்கொள்ள வேண்டும். நிறைந்த ஆழாக்கும் ஆழாக்குத்தானே! அக்காற்று வீட்டினுள் வந்து, ஹீட்டரினால் 22 டிகிரிக்குச் சூடேறுகிறது எனக் கொள்வோம். அந்த வெப்பத்தில் அது தாங்கக்கூடியது 19 கிராமுக்கு மேல். அதனிடம் இருப்பதோ 7 கிராம்கூட இல்லை. அதாவது, காற்றின் ஈரப்பதம் மூன்றில் ஒரு பங்கு அளவிற்கு வீழ்ந்துவிடுகிறது. தாகம் கொண்ட அந்தக் காற்று ஈரம் கிடைக்கும் இடத்தையெல்லாம் நாடி உறிஞ்சுகிறது. கொடியில் போட்ட துணி அறைக்குள்ளேயே உலர்வதும், நம் தோல் உலர்வதும் ஒரே காரணத்தால்தான்.

இனி, தோலின் அமைப்பைச் சற்றுக் காண்போம். நம் உடலின் வெளிப்புறத்தில், காகிதத்தினும் மெல்லியதாய், உயிரற்ற செதில்கள் பல அடுக்குகளாக அமைந்த ஒரு படலம் உண்டு. செங்கல்லை அடுக்கி இடையிலே சாந்து பூசிக் கட்டிய சுவருக்கு இதனை ஒப்பிடுவர் விஞ்ஞானிகள். செதில்களே செங்கல், அவற்றிற்கு இடையேயுள்ள செராமைடு, கொலஸ்டிரால் முதலிய கொழுப்புப் பொருள்களே சாந்து. உள்ளிருக்கும் நீர் வெளியேறாமலும், வெளியிலுள்ள கிருமிகளும் காரப்பொருள்களும் உட்புகாமலும் காப்பது இச்சுவர்தான். சாந்து கரைந்தால் சுவரில் பிளவு காணும், நீர் வெளியேறும், வேண்டாதவை உள்ளே நுழையும். எரிச்சலும் அரிப்பும் அதன் விளைவே.

சிலருக்குப் பிறவியிலேயே இச்சுவர் சற்று நலிந்ததாக அமைந்துவிடுகிறது. தோலின் உறுதிக்குத் தேவையான ஃபிலாக்ரின் என்னும் புரதத்திற்குரிய மரபணுவில் உள்ள குறைபாடு கரப்பான் நோய்க்கு ஒரு முக்கியக் காரணம் என்று 2006 ஆம் ஆண்டில் ஆராய்ச்சியாளர் கண்டறிந்தனர். இழுப்பும், ஒவ்வாமையினால் வரும் தும்மலும் உள்ள குடும்பங்களில் கரப்பானும் தொடர்ந்து வருவதை நாம் காண்கிறோம். ஆகவே குழந்தையின் தோல் இவ்வாறிருப்பது தாயின் கவனக் குறைவினாலோ, இரத்தம் கெட்டதனாலோ அன்று. அதற்காக எவரையும் நோவது முறையாகாது.

நீராடும் முறையை முதலில் கவனிப்போம். நாள்தோறும் நீராடுதல் நம் மரபு. அதனைக் கைவிட வேண்டுவதில்லை. ஆனால் குளிருக்கு இதமென்று கொதிக்கக் கொதிக்க வெந்நீரை நெடுநேரம் ஊற்றிக்கொள்வது தகாது. பாத்திரத்தில் ஒட்டிய நெய்யை வெந்நீர் எளிதில் இளக்கிக் கொண்டுபோவதைப் போலவே, தோலின் இயற்கைக் கொழுப்பையும் அது கொண்டுபோய்விடும். கைக்கு வெதுவெதுப்பாகத் தோன்றும் நீரே போதும். ஐந்து அல்லது பத்து நிமிடங்களில் நீராடி முடித்துவிடுதல் நன்று.

சோப்பின் செய்தியும் இத்தகையதே. ஆரோக்கியமான தோலின் மேற்பரப்புச் சிறிது அமிலத்தன்மை உடையது. சாதாரணச் சோப்போ காரத்தன்மை உடையது. மார்கழி மாதத்து டில்லியில், சென்னையில் சித்திரை வெயிலில் வியர்ப்பதுபோல் நமக்கு வியர்ப்பதில்லை. எனவே அக்குள், தொடையிடுக்கு, பாதம் ஆகிய இடங்களுக்கு மட்டும் சோப்புப் போட்டு, ஏனைய உறுப்புகளை வெறும் நீரால் கழுவினாலே போதுமான தூய்மை கிட்டும். மணமிகுந்த சோப்பை விட மணமற்றதும், காரம் குறைந்ததும் மேல். பீர்க்கங்காய் நார், பிளாஸ்டிக் நார் முதலியவற்றால் தேய்ப்பதை இம்மாதங்களில் நிறுத்திவைப்பது நலம். ஆழ்துளைக் கிணற்றின் கடின நீர் வரும் வீடுகளில் சோப்பு நுரைக்காமல் தோலின்மீது பிசுக்காகப் படிந்துவிடும்; அவ்விடங்களில் சோப்பைக் குறைப்பதும், நன்கு அலசுவதும் மேலும் அவசியம்.

எண்ணெய்க் குளியலைப் பற்றியும் சொல்ல வேண்டும். நல்லெண்ணெய் தேய்த்துச் சீயக்காயால் அதனைப் போக்கிக் குளிப்பது நம் வெப்ப நாட்டிற்கு ஏற்ற முறை. வியர்வையும் புழுதியும் சேர்ந்த உடலுக்கு அது இதமளிப்பதில் ஐயமில்லை. ஆனால் வறண்ட குளிர்காலத்தில், பூசிய எண்ணெயோடு தோலின் சொந்த எண்ணெய்ப் பசையையும் சீயக்காய் துடைத்துச் சென்றுவிடுகிறது. இதனை வைத்து ஒரு சிறு விதியை அமைத்துக்கொள்ளலாம்: தமிழகத்தில் எண்ணெய் குளிப்பதற்கு முன்னர், வடநாட்டுக் குளிர்காலத்தில் எண்ணெய் குளித்த பின்னர். பண்டிகை நாளில் எண்ணெய் தேய்த்துக்கொள்வோர் சீயக்காயைத் தலையோடு நிறுத்திக்கொள்வது போதும்.

குளித்த பின்னர் என்றால் எப்பொழுது? உடலைத் தேய்த்துத் துடைக்காமல், மெல்லிய துண்டினால் ஒற்றியெடுத்து, தோலில் ஈரம் சற்றே எஞ்சியிருக்கும்போது, இரண்டு மூன்று நிமிடங்களுக்குள் தடவ வேண்டும். எண்ணெயோ களிம்போ தானாக ஈரத்தை உண்டாக்குவதில்லை. இருக்கும் ஈரத்தை வெளியேறாமல் மூடிவைப்பதே அதன் முதல் வேலை. முற்றிலும் உலர்ந்த பின்னர்த் தடவுவது, பால் பொங்கி வழிந்த பின்னர் அடுப்பைத் தணிப்பதற்கு ஒப்பாகும். காலையில் ஒரு முறையும், இரவு படுக்குமுன் ஒரு முறையும் தடவுதல் நன்று. அளவிலும் சிக்கனம் கூடாது. கரப்பான் உள்ள குழந்தைக்கு உடல் முழுவதும் பூசுவதற்கு வாரம் 250 கிராம் வரை தேவைப்படலாம். ஆகவே விலையுயர்ந்த சிறு குப்பியைவிட, எளிய விலையில் தாராளமாகக் கிடைக்கும் பொருளே பயன் தருவது.

எதைத் தடவுவது என்பது அடுத்த வினா. 1872 ஆம் ஆண்டில் அமெரிக்காவில் செஸ்பரோ என்பவர் 'வாசலைன்' என்னும் பெயரில் காப்புரிமை பெற்ற பெட்ரோலியம் ஜெல்லி இன்றும் இதற்கு மிகச் சிறந்த பொருள்களுள் ஒன்று. மணமும் நிறமும் சேராத வகையைத் தேர்ந்தெடுத்தல் வேண்டும். தேங்காய் எண்ணெயும் உடலுக்கு ஏற்றது. அது சுமார் 24 டிகிரிக்குக் கீழே உறைந்துவிடும் தன்மையுடையது. டில்லிக் குளிரில் புட்டியில் வெண்ணெய்போல் இறுகிக் கிடப்பது கண்டு, கெட்டுவிட்டதென எண்ண வேண்டுவதில்லை. வாயகன்ற பாத்திரத்தில் வைத்து, உள்ளங்கைச் சூட்டிலேயே இளக்கிக்கொள்ளலாம். முகப்பரு வரும் இயல்பினர் அதனை முகத்தில் தடவாதிருப்பது நலம். வடநாட்டார் விரும்பும் கடுகெண்ணெய் உடலுக்குச் சூடளிப்பதாகத் தோன்றுவது அதிலுள்ள காரத்தினால். மென்மையான சருமத்திற்கும் கைக்குழந்தைக்கும் அது ஏற்றதன்று. ஆலிவ் எண்ணெயும் நலிந்த தோலுக்கு உகந்ததன்று எனக் கண்டிருக்கின்றனர். கிளிசரினை நேராகத் தடவாமல் நீரோ பன்னீரோ கலந்து பூசி, அதன்மேல் சிறிது வாசலைனும் தடவுவது முறை. எந்தப் புதிய பொருளாயினும், முதலில் முழங்கையின் உட்புறத்தில் சில நாட்கள் தடவிப் பார்த்து, எரிச்சல் இல்லையெனக் கண்ட பின்னரே உடலில் பூச வேண்டும்.

உடையிலும் கருத்து வேண்டும். முரட்டுக் கம்பளியின் தடித்த இழைகள் ஆயிரம் சிறு ஊசிகள்போல் தோலைக் குத்துகின்றன. ஆகவே உடலை ஒட்டி மெல்லிய பருத்திச் சட்டை, அதன்மேல் ஸ்வெட்டர் என்பதே வரிசை. கழுத்தும் மணிக்கட்டும் கம்பளியோடு உராயாதவாறு பார்த்துக்கொள்ளுதல் வேண்டும். ஆண்டு முழுவதும் பெட்டியில் அந்துருண்டையோடு கிடந்த உடைகளைத் துவைத்தோ, வெயிலில் நன்கு உலர்த்தியோ பின்னர் அணிதல் நன்று. வீதியில் புகையும் தூசியும் மிகுந்த இம்மாதங்களில், வெளியே சென்று திரும்பியதும் முகத்தை வெறும் நீரால் கழுவி, உடனே களிம்பு தடவிக்கொள்ளலாம்.

குளிர் காய்வதில் எச்சரிக்கை மிக வேண்டும். நாள்தோறும் ஒரே இடத்தில் அனல் பட்டுவந்தால் அங்கே வலைபோன்ற கரும்பட்டைகள் தோன்றும். காஷ்மீரத்தில் தணல் இட்ட காங்ரி என்னும் சட்டியை ஆடைக்குள் வைத்துக்கொள்ளும் வழக்கம் உண்டு. அதன் சூட்டினால் வயிற்றிலும் தொடையிலும் புற்றுநோய் உண்டாவதை டாக்டர் எல்ம்ஸ்லீ என்பவர் 1866 ஆம் ஆண்டிலேயே எழுதிவைத்தார். எனவே ஹீட்டரைக் காலருகே வைத்துக்கொள்ளாமல், எட்ட வைத்து, அறை சூடேறியதும் நிறுத்திவிடுதல் நலம். எண்ணெயும் வாசலைனும் ஊறிய துணி எளிதில் தீப்பற்றும் என்பதையும் மறக்கலாகாது. கரி அங்கீட்டியை மூடிய அறையில் வைத்து உறங்குவதோ உயிருக்கே உலை வைப்பது. அதிலிருந்து எழும் நச்சுவாயுவுக்கு மணமுமில்லை, நிறமுமில்லை. குளிரில் விரல்கள் சிவந்தோ கறுத்தோ வீங்கி அரிக்குமாயின், அவற்றை நெருப்பில் காட்டாமல் உலர்ந்த கையுறையும் காலுறையும் அணிந்து மெல்ல மெல்ல வெப்பம் பெறச் செய்ய வேண்டும்.

உதடு காய்ந்தால் நாவினால் நனைப்பது பலருக்கும் வழக்கம். உமிழ்நீர் உலரும்போது முன்னிலும் அதிக வறட்சியே விளைகிறது. சிறிது நெய்யோ வாசலைனோ தடவி, நாவை அடக்கிக்கொள்வதே மருந்து. குதிகால் பிளவைப் பித்தவெடிப்பு என்று சொன்னாலும், அதற்குப் பெரும்பாலும் காரணம் வறட்சியும் தடிப்புமே. இரவில் காலை வெதுவெதுப்பான நீரில் சிறிது நேரம் வைத்து, ஒற்றித் துடைத்து, வாசலைன் பூசிப் பருத்திக் காலுறை அணிந்து உறங்கினால், சில வாரங்களில் பயன் தெரியும். பாத்திரம் துலக்கும் கைகளே இக்காலத்தில் மிகுந்த துன்பம் அடைகின்றன. இல்லத்தரசிக்குக் களிம்பு தடவிக்கொள்ள ஓய்வு வேண்டுமாயின், அந்த வேலையில் ஒரு பங்கைப் பிறரும் ஏற்பது தக்க சிகிச்சையாகும்.

முதியோரிடம் தனிக் கவனம் தேவை. பேரக்குழந்தைகளோடு இருக்க ஊரிலிருந்து வரும் பெரியவர்களுக்கு வயதின் காரணமாகத் தோலின் எண்ணெய்ப் பசை முன்னரே குறைந்திருக்கும். சொறிந்த இடம் எளிதில் புண்ணாகும். நீரிழிவு உள்ளவர்க்கு அப்புண் எளிதில் ஆறாது. தைலம் தடவியும் தீராத அரிப்பாயின், தைராய்டு, சிறுநீரகம், கல்லீரல் ஆகியவற்றின் கோளாறும் காரணமாகலாம். பரிசோதனை செய்துகொள்ள வேண்டும். குழந்தைகளுக்கு, முன்னர்க் கூறியவாறு, மருத்துவர் சொல்லாமல் உணவை நிறுத்துவது தகாது. கரப்பானும் தீராமல் வளர்ச்சியும் குன்றி, இரு வகையாலும் இழப்பே நேரும்.

தெருமுனைக் களிம்பைப் பற்றிக் கண்டிப்பாகவே சொல்ல வேண்டியிருக்கிறது. கடைக்காரர் தாமே எடுத்துத் தரும் பல களிம்புகளில் பீட்டாமெத்தசோன், குளோபெட்டசால் போன்ற வீரியமிக்க ஸ்டீராய்டு மருந்துகள் கலந்துள்ளன. தடவிய இரண்டாம் நாளே அரிப்பு அடங்குவதால் நம்பிக்கை பிறக்கிறது. நாட்பட நாட்படத் தோல் மெலிகிறது. முகத்தில் பருவும் மயிரும் தோன்றுகின்றன. நிறுத்தினால் நோய் முன்னிலும் கடுமையாகத் திரும்புகிறது. படர்தாமரையாக இருந்துவிட்டாலோ அது மறைவாகப் பரவுகிறது. இத்தீமை கருதியே 2018 ஆம் ஆண்டில் மத்திய அரசு, மேற்பூச்சு ஸ்டீராய்டுகள் பதினான்கினை மருத்துவர் சீட்டின்றி விற்கலாகாத மருந்துகளின் வரிசையில் சேர்த்தது. மருத்துவர் அளவும் நாளும் குறித்துக் கொடுக்கும்போது அம்மருந்தே மிகுந்த நன்மை செய்வது. அஞ்சி அதனை விலக்குவதும் தவறு.

எப்பொழுது மருத்துவரை நாட வேண்டும்? நீர் கசிந்து மஞ்சள் பொருக்குக் கட்டினாலும், வலியும் காய்ச்சலும் சேர்ந்தாலும், உறக்கம் கெடும் அளவுக்கு அரித்தாலும், இரண்டு வாரம் முறையாகப் பேணியும் குறையாவிட்டாலும் காலந்தாழ்த்தலாகாது. வீட்டில் பலருக்கும் ஒருங்கே, விரலிடுக்கில், இரவில் மிகுந்து அரிக்குமாயின், அது வறட்சியன்று, சிரங்காக இருக்கலாம். அனைவருக்கும் ஒரே நேரத்தில் சிகிச்சை வேண்டும். நம்மைப்போன்ற மாநிறத்தாருக்கும் கருநிறத்தாருக்கும் தோலின் அழற்சி சிவப்பாகத் தெரியாமல் கருமையாகவோ சாம்பல் நிறமாகவோ தெரியும். ஆறிய பின்னும் கருந்தழும்பு பல மாதங்கள் நிற்கும். 'சிவக்கவில்லையே' என்று வாளாவிருத்தல் கூடாது.

மொழியறியாத இடத்தில் நோயைச் சொல்வதும் ஒரு தொல்லையே. இந்தி வழங்கும் ஊர்களில் அரிப்புக்குக் 'குஜ்லி' என்றும், எரிச்சலுக்கு 'ஜலன்' என்றும், வறட்சிக்கு 'ரூகாபன்' என்றும் வழங்குவர். இம்மூன்று சொற்களையும் ஊரிலிருந்து வந்த பெற்றோருக்குக் கற்பித்துவைத்தல் நன்று. தடவிய களிம்பின் உறையையும் உடன் எடுத்துச் சென்றால், எத்துணையோ விளக்கம் மிச்சமாகும்.

ஆக, வெந்நீரைத் தணித்தல், சோப்பைக் குறைத்தல், ஈரம் உலருமுன் எண்ணெய் தடவுதல், கம்பளிக்குள் பருத்தி அணிதல், அறியாத களிம்பை விலக்குதல் ஆகிய ஐந்தும் பெருஞ்செலவின்றி எந்தக் குடும்பத்தாலும் இயல்பவை. மொழிக்கும் உணவுக்கும் உடைக்கும் நம்மை ஏற்றவாறு பழக்கிக்கொண்டு பிற மாநிலங்களில் வாழ்கின்ற நாம், நீராடும் வழக்கத்தையும் பருவத்திற்கேற்பச் சிறிது மாற்றிக்கொள்ளத் தயங்க வேண்டுவதில்லை. பங்குனி வெயில் வந்ததும் சீயக்காய்ப் பொடியை மீண்டும் எடுத்துக்கொள்ளலாம். அதுவரை, குளித்தெழுந்தவுடன் கை நீட்டும் தூரத்தில் எண்ணெய்க் கிண்ணம் இருக்கட்டும்.